இரண்டு ஆளுநர்கள்: கெண்டக்கியின் 1899 தேர்தல்

அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில் 1899 நவம்பர் 7 அன்று ஆளுநர் தேர்தல் நடந்தது. அதில் உண்மையில் வென்றவர் யார் என்பது 1900 மே மாதம் வரை தீரவில்லை. அந்த ஆறு மாதங்களுக்குள் ஒரு வேட்பாளர் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே நேரத்தில் இருவர் ஆளுநர் பதவிக்கு உரிமை கோரினர். சட்டமன்றக் கட்டடத்தைத் துப்பாக்கி ஏந்திய படையினர் காவல் காத்தனர். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது.

அமெரிக்க மாநில ஆளுநர் இந்திய மாநில ஆளுநரைப் போல மேலிருந்து நியமிக்கப்படுபவர் அல்லர். மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகத் தலைவர் அவர். அதிகாரத்தில் இங்குள்ள முதலமைச்சருக்கு நெருக்கமானவர். மாநிலத்தின் துணைப்படையும் அவர் உத்தரவுக்குக் கட்டுப்பட்டது. கெண்டக்கியில் அவரது பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். அன்றைய சட்டப்படி பதவியில் இருப்பவர் அடுத்த தேர்தலில் தொடர்ந்து போட்டியிட முடியாது.

அரசியல் பின்னணி

உள்நாட்டுப் போருக்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கெண்டக்கி ஜனநாயகக் கட்சியின் கோட்டையாக இருந்தது. போரில் தென்மாநிலங்களின் பக்கம் நின்று போரிட்டவர்களே அக்கட்சியின் தலைமையில் செல்வாக்குடன் இருந்தனர். குடியரசுக் கட்சிக்குக் கிழக்கு மலைப்பகுதி மக்களும் கறுப்பின வாக்காளர்களும் ஆதரவளித்தனர். 1890களில் நிலைமை மாறத் தொடங்கியது. வெள்ளி நாணயத்தைத் தடையின்றி அச்சிட வேண்டுமா, தங்கத்தை மட்டுமே அளவுகோலாகக் கொள்ள வேண்டுமா என்ற கேள்வியில் ஜனநாயகக் கட்சி இரண்டாகப் பிளந்தது. 1895இல் வில்லியம் ஓ. பிராட்லி அம்மாநிலத்தின் முதல் குடியரசுக் கட்சி ஆளுநரானார். மறு ஆண்டு குடியரசுத் தலைவர் தேர்தலில் அதே கட்சியின் மெக்கின்லி கெண்டக்கியை வெறும் 281 வாக்கு வித்தியாசத்தில் கைப்பற்றினார். இரு கட்சிகளும் சமபலத்தில் நின்றதால், ஒவ்வொரு கவுண்டியிலும் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) எண்ணப்படும் ஒவ்வொரு சீட்டும் முடிவை மாற்றக்கூடியதாக இருந்தது.

வாக்களிக்கும் முறையும் அப்போது புதிது. 1891ஆம் ஆண்டு அரசியலமைப்பு வரும் வரை கெண்டக்கியில் வாக்காளர் அலுவலர் முன் நின்று வாய்விட்டுத் தம் வேட்பாளரின் பெயரைச் சொல்லியே வாக்களித்தார். லூயிவில் நகரில் மட்டும் 1888இலேயே இரகசிய வாக்குச்சீட்டு வந்துவிட்டது. அமெரிக்காவிலேயே அம்முறையைக் கொண்டுவந்த முதல் நகரம் அதுதான். எனவே 1899இல் வாக்களித்தவர்களில் பெரும்பாலோர் இரகசிய வாக்கைப் பழகிக் கொண்டு பத்தாண்டுகூட ஆகியிருக்கவில்லை.

கோபலும் ரயில்வேயும்

இந்தச் சூழலில் ஜனநாயகக் கட்சியில் எழுந்தவர் வில்லியம் கோபல். ஜெர்மனியிலிருந்து குடிபெயர்ந்த பெற்றோருக்கு 1856இல் பென்சில்வேனியாவில் பிறந்து, ஒஹையோ ஆற்றங்கரையிலுள்ள கோவிங்டன் நகரில் வளர்ந்தவர். முன்னாள் ஆளுநர் ஜான் ஸ்டீவன்சனிடம் சட்டம் பயின்று அவருடனேயே தொழில் செய்தார். 1887இல் மாநில செனட்டுக்குத் தேர்வானார். மேடைப்பேச்சில் வல்லவரல்லர். யாருடனும் எளிதில் ஒட்டாதவர், திருமணம் செய்துகொள்ளாதவர். அவருடைய தந்தை போரில் வடக்கின் பக்கம் இருந்தவர் என்பதால், தென்படை வீரர்கள் நிறைந்த கட்சித் தலைமைக்கு அவர் அந்நியராகவே தெரிந்தார். தொழிலாளர், சிறு விவசாயிகள் ஆகியோரின் குறைகளைச் சட்டமாக்கும் திறனும், கட்சி அமைப்பைக் கையில் வைத்திருக்கும் திறனுமே அவரை உயர்த்தின.

அவருடைய முதன்மையான எதிரி லூயிவில் அண்ட் நாஷ்வில் ரயில்வே நிறுவனம். மாநிலத்தின் மிகப் பெரிய நிறுவனமான அது சரக்குக் கட்டணத்தைத் தன் விருப்பப்படி நிர்ணயித்து வந்தது. ரயில்வேயைக் கண்காணிக்கும் மாநில ரயில்வே ஆணையத்தை ஒழிக்க அந்நிறுவனத்தின் ஆட்கள் சட்டமன்றத்தில் செய்த வேலைகளைக் கோபல் இடம்பெற்ற செனட் குழு வெளிக்கொணர்ந்தது. அதன்பின் 1890-91 அரசியலமைப்பு மாமன்றத்தில் ரயில்வே ஆணையத்தை அரசியலமைப்பிலேயே சேர்க்கச் செய்ததிலும் அவருக்குப் பெரும் பங்குண்டு. அப்படிச் சேர்த்துவிட்டதால் சாதாரணச் சட்டத்தால் ஆணையத்தை நீக்க முடியாமல் போனது. அந்த நிறுவனத்தின் தலைவர் மில்டன் எச். ஸ்மித் கோபலின் நிரந்தரப் பகைவரானார்.

கோபலின் பெயர் வன்முறையோடும் ஒட்டிக்கொண்டிருந்தது. 1895 ஏப்ரலில் கோவிங்டனின் வங்கி ஒன்றின் வாசலில், அரசியல் எதிரியும் வங்கியாளருமான ஜான் சான்ஃபோர்டும் அவரும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டனர். செய்தித்தாளில் கோபல் சான்ஃபோர்டைக் கொச்சையாக ஏசி எழுதியிருந்தது பகையை முற்றச் செய்திருந்தது. சான்ஃபோர்டு சில மணி நேரத்தில் இறந்தார். தற்காப்புக்காகச் சுட்டார் என்ற அடிப்படையில் கோபல் விடுவிக்கப்பட்டார். ஆனால் சான்ஃபோர்டு முன்னாள் தென்படை வீரர் என்பதால், அந்தச் சாவைக் கட்சிக்குள்ளேயே பலர் மன்னிக்கவில்லை.

1898ஆம் ஆண்டுத் தேர்தல் சட்டம்

1898இல் செனட்டின் தற்காலிகத் தலைவராக இருந்த கோபல் ஒரு தேர்தல் சட்டத்தைக் கொண்டுவந்தார். அதன்படி மூவர் கொண்ட மாநிலத் தேர்தல் ஆணையர் வாரியம் அமைக்கப்படும். அந்த மூவரைச் சட்டமன்றமே தேர்ந்தெடுக்கும். கவுண்டிகளின் தேர்தல் அலுவலர்களை அவர்கள் நியமிப்பார்கள். மாநில முடிவுகளைக் கூட்டி வெற்றிச் சான்றிதழ் வழங்குவதும் அவர்களே. சட்டமன்றத்தில் ஜனநாயகக் கட்சிக்குப் பெரும்பான்மை இருந்ததால் வாரியத்தின் மூன்று இடங்களும் அக்கட்சிக்கே போயின. 1896இல் மெக்கின்லிக்குக் கிடைத்த வெற்றி முறைகேட்டால் வந்தது என்றும், கவுண்டி அதிகாரிகளின் தில்லுமுல்லுகளைத் தடுக்க மாநில அளவிலான கட்டுப்பாடு தேவை என்றும் சட்டத்தின் ஆதரவாளர்கள் வாதிட்டனர். ஆளுநர் பிராட்லி வீட்டோ செய்தார். சட்டமன்றம் அதை மீறி நிறைவேற்றியது.

ஆளுநர் பதவியை எதிர்நோக்கியிருந்த ஒருவரே எண்ணிக்கையை மேற்பார்க்கும் அமைப்பையும் வடிவமைத்தார் என்பதே எதிர்ப்பின் மையம். குடியரசுக் கட்சியினரோடு, ஜனநாயகக் கட்சியின் கணிசமான பகுதியினரும் அதை வெறுத்தனர். எதிரிகள் அவரை 'வில்லியம் அரசர்' என்று கேலி செய்தனர்.

இசை மண்டப மாநாடு

ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் மாநாடு 1899 ஜூனில் லூயிவிலின் இசை மண்டபத்தில் கூடியது. மூவர் களத்தில் இருந்தனர். 1895இல் பிராட்லியிடம் தோற்ற, முன்னாள் அட்டர்னி ஜெனரல் வாட் ஹார்டினுக்கு ரயில்வே நிறுவனத்தின் ஆதரவு இருந்தது. முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் வில்லியம் ஜே. ஸ்டோன் தென்படையில் போரிட்டவர். மூன்றாமவர் கோபல். யாருக்கும் தனிப் பெரும்பான்மை இல்லை.

ஹார்டினை வீழ்த்தக் கோபலும் ஸ்டோனும் உடன்பாடு செய்துகொண்டு, பிரெத்திட் கவுண்டியைச் சேர்ந்த நீதிபதி டேவிட் ரெட்வைனை மாநாட்டுத் தலைவராக்கினர். உரிமை தகராறில் இருந்த பிரதிநிதி இடங்கள் இவ்விருவரின் ஆட்களுக்கே பெரிதும் ஒதுக்கப்பட்டன. பின்னர்க் கோபல் தம்மை விட்டுக்கொடுத்து ஆதரிப்பார் என்று ஸ்டோன் தரப்பு நம்பியது. அது நடக்கவில்லை. ஏமாந்த ஸ்டோன் அணியும் ஹார்டின் அணியும் சேர்ந்து பாடியும் ஊதுகுழல் ஊதியும் கூச்சலிட்டு வாக்கெடுப்பை நிறுத்த முயன்றன. கடைசியில், குறைந்த வாக்குப் பெறுபவரை நீக்கிவிட்டு மற்ற இருவரிடையே தேர்வு நடத்துவது என மாநாடு தீர்மானித்தது. ஸ்டோன் நீக்கப்பட்டார். 26ஆவது சுற்றில் கோபல் வென்றார்.

அதிருப்தியடைந்த ஜனநாயகக் கட்சியினர் ஆகஸ்டில் லெக்சிங்டனில் கூடி, 'நேர்மையான தேர்தல் ஜனநாயகவாதிகள்' என்ற பெயரில் முன்னாள் ஆளுநர் ஜான் ஒய். பிரவுனை நிறுத்தினர். குடியரசுக் கட்சி அட்டர்னி ஜெனரல் வில்லியம் எஸ். டெய்லரைத் தேர்ந்தெடுத்தது. பாப்புலிஸ்ட் கட்சியும் ஒரு வேட்பாளரை நிறுத்தியது. கோபலின் துணை ஆளுநர் வேட்பாளர் ஜே. சி. டபிள்யூ. பெக்கம், அந்தப் பதவிக்குத் தேவையான 30 வயதை அந்த ஆகஸ்டில்தான் எட்டியவர்.

பிரசாரத்தில் கோபல் தம் எதிரி டெய்லரல்லர், ரயில்வே நிறுவனமே என்று மாநிலமெங்கும் பேசினார். ஜனநாயகக் கட்சியின் தேசியத் தலைவரான வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் நேரில் வந்து அவருக்காக வாக்குக் கேட்டார். மறுபுறம் ரயில்வே நிறுவனம் பணத்தாலும் செல்வாக்காலும் கோபலை எதிர்த்தது. கோபலின் சட்டமே தேர்தலின் முக்கியப் பிரச்சினை என்று டெய்லரும் பிரவுனும் பேசினர்.

வாக்கும் சான்றிதழும்

தேர்தல் நாளில் ஆளுநர் பிராட்லி துணைப்படையை லூயிவிலுக்கு அனுப்பினார். பெரிய கலவரம் எதுவும் நடக்கவில்லை. எண்ணிக்கை முடிந்தபோது டெய்லர் 1,93,714 வாக்குகளும் கோபல் 1,91,331 வாக்குகளும் பெற்றிருந்தனர். வித்தியாசம் 2,383. பிரவுன் பெற்ற ஏறத்தாழ 12,000 வாக்குகளே கோபலின் தோல்விக்குப் போதுமானவையாக இருந்தன.

ஜனநாயகக் கட்சியினர் இந்த முடிவை ஏற்கவில்லை. சில கவுண்டிகளில் வாக்குச்சீட்டுகள் மெல்லிய தாளில் அச்சிடப்பட்டிருந்ததால் குறியிட்டது மறுபுறம் தெரிந்தது, எனவே இரகசியம் போயிற்று என்றனர். ரயில்வே நிறுவனம் தன் ஊழியர்களை மிரட்டியது என்றும், லூயிவிலில் படை நின்றது வாக்காளர்களை அச்சுறுத்தியது என்றும் குற்றம்சாட்டினர். முழு அதிகாரமும் கோபலின் ஆதரவாளர்கள் அடங்கிய தேர்தல் வாரியத்திடம் இருந்தது. அது அவருக்கே சான்றிதழ் தரும் என்று இரு தரப்பும் எதிர்பார்த்தன. ஆனால் டிசம்பரில் வாரியம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் டெய்லரை வெற்றி பெற்றவராக அறிவித்தது. கவுண்டிகள் அனுப்பிய கணக்குகளைக் கூட்டுவது மட்டுமே தன் வேலை, அவற்றின் உண்மையை விசாரிக்கும் நீதி அதிகாரம் தனக்கில்லை என்று வாரிய உறுப்பினர்களான பிரையரும் எல்லிசும் முடிவு செய்தனர். மூன்றாமவரான பாயின்ட்ஸ் மாறுபட்டார். டெய்லர் டிசம்பர் 12 அன்று பதவியேற்றார்.

கோபல் இத்தோடு விட்டுவிடத் தயாராக இருந்ததாகத் தெரிகிறது. கட்சித் தலைவர்கள் விடவில்லை. ஆளுநர், துணை ஆளுநர் தேர்தல் குறித்த தகராறுகளைச் சட்டமன்றத்தின் இரு அவைகளும் தீர்மானிக்கும் என்பது அரசியலமைப்பின் 90ஆவது பிரிவு. அதன்படி கோபலும் பெக்கமும் 1900 ஜனவரி தொடக்கத்தில் கூடிய சட்டமன்றத்தில் முறையிட்டனர். விசாரணைக் குழு உறுப்பினர்களைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுப்பது வழக்கம். அவையில் ஜனநாயகக் கட்சிக்கு இருந்த பலத்தைவிட மிக அதிகமான இடங்கள் அக்கட்சிக்கே விழுந்தன. குலுக்கலிலும் மோசடி என்றனர் குடியரசுக் கட்சியினர்.

ஜனவரி 25 அன்று டெய்லருக்கு ஆதரவாகக் கிழக்கு மலைப்பகுதிகளிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் பேர் துப்பாக்கிகளோடு ரயிலில் தலைநகர் ஃபிராங்க்ஃபோர்ட்டில் வந்திறங்கினர். பெரும்பாலானோர் ஓரிரு நாளில் திரும்பினாலும் சில நூறு பேர் அங்கேயே தங்கினர். இதன் பிறகு தலைநகரில் ஆயுதமின்றி நடமாடியவர்கள் குறைவு.

துப்பாக்கிச் சூடு

1900 ஜனவரி 30 அன்று காலை பதினொரு மணிக்குச் சற்றுப் பின், ஜாக் சின், எஃப் லில்லார்ட் ஆகிய இரு நண்பர்கள் மெய்க்காவலாக உடன்வர, கோபல் சட்டமன்றக் கட்டடத்தை நோக்கி நடந்தார். பக்கத்திலிருந்த நிர்வாக அலுவலகக் கட்டடத்திலிருந்து துப்பாக்கிகள் வெடித்தன. ஒரு குண்டு அவர் மார்பைத் துளைத்தது. அருகிலிருந்த கேப்பிட்டல் ஹோட்டலுக்கு அவரைத் தூக்கிச் சென்றனர். அந்த அலுவலகக் கட்டடத்தில்தான் ஆளுநர் டெய்லரும், மாநிலச் செயலர் கேலப் பவர்சும் அலுவலகம் வைத்திருந்தனர். பவர்ஸ் அன்று காலையே ரயிலேறி ஊரைவிட்டுப் போயிருந்தார்.

விசாரணைக் குழு அதே நாளில் தன் முடிவை எடுத்தது. டெய்லரின் முன்னிலையை அழிக்கும் அளவு வாக்குகளைச் செல்லாதவை என்று நீக்கியது. டெய்லர் மாநிலத்தில் கிளர்ச்சி நிலவுவதாக அறிவித்துப் படையை அழைத்தார். சட்டமன்றத்தை ஒத்திவைத்து, தம் கட்சி செல்வாக்குள்ள லண்டன் என்ற சிற்றூரில் மீண்டும் கூடும்படி உத்தரவிட்டார். தலைநகரில் கூடமுயன்ற ஜனநாயகக் கட்சி உறுப்பினர்களைப் படையினர் சட்டமன்றத்துக்குள் விடவில்லை. வேறு இடங்களிலும் தடுக்கப்பட்ட அவர்கள், ஜனவரி 31 அன்று கேப்பிட்டல் ஹோட்டலிலேயே இரகசியமாகக் கூடிக் குழுவின் அறிக்கையை ஏற்றனர். குடியரசுக் கட்சியினர் எவரும் அங்கில்லை. படுக்கையில் கிடந்த கோபல் ஆளுநராகப் பதவிப் பிரமாணம் எடுத்துக்கொண்டார். படையைக் கலைக்கவும் சட்டமன்றம் ஃபிராங்க்ஃபோர்ட்டில் கூடவும் அவர் பெயரில் ஆணைகள் போயின. டெய்லரின் தளபதி அவற்றை ஏற்கவில்லை.

பிப்ரவரி 3 மாலை கோபல் இறந்தார். பதவியில் இருக்கும்போது கொலையுண்ட ஒரே அமெரிக்க மாநில ஆளுநர் இன்றுவரை அவர்தான். பெக்கம் உடனே ஆளுநராகப் பதவியேற்றார்.

இரட்டை ஆட்சியும் வழக்கும்

இப்போது மாநிலத்துக்கு இரண்டு ஆளுநர்கள். டெய்லர் படைக்காவலுடன் நிர்வாகக் கட்டடத்தில் இருந்தார். பெக்கம் ஹோட்டலிலிருந்து ஆணை பிறப்பித்தார். ஒவ்வொருவருக்கும் தனித்தனித் தளபதியும் படையும் இருந்தன. கூட்டரசின் உதவியைக் கோரிய டெய்லருக்குக் குடியரசுத் தலைவர் மெக்கின்லி படை அனுப்ப மறுத்தார்.

மோதலைத் தவிர்க்க இரு கட்சித் தலைவர்களும் பிப்ரவரி தொடக்கத்தில் லூயிவிலில் கூடினர். டெய்லர் விலக வேண்டும், அதற்கு ஈடாக அவருக்கும் உடனிருந்தோருக்கும் வழக்கிலிருந்து பாதுகாப்பு, தேர்தல் சட்டத்தில் திருத்தம் என்று உடன்பாடு எழுதப்பட்டது. சில நாள் யோசித்த டெய்லர் கையெழுத்திட மறுத்தார். ஆனால் சட்டமன்றம் தலைநகரில் கூடுவதை அனுமதித்து, முடிவை நீதிமன்றத்துக்கு விட இரு தரப்பும் இணங்கின.

ஏப்ரலில் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் பெக்கமுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. தகராறைத் தீர்க்கும் அதிகாரத்தை அரசியலமைப்பு சட்டமன்றத்துக்கே தந்திருக்கிறது, சட்டமன்றக் குறிப்பேட்டில் பதிவான முடிவை நீதிமன்றம் கிளறிப் பார்க்க முடியாது என்பதே அதன் சாரம். டெய்லர் உச்ச நீதிமன்றத்தை நாடினார். 1900 மே 21 அன்று தலைமை நீதிபதி ஃபுல்லர் எழுதிய தீர்ப்பு, அரசுப் பதவி என்பது ஒருவரின் சொத்தாகாது என்றது. எனவே சொத்தை முறையின்றிப் பறிப்பதைத் தடுக்கும் 14ஆவது திருத்தம் இங்குப் பொருந்தாது, இதில் தலையிட அந்நீதிமன்றத்துக்கு அதிகாரமில்லை என்றும் கூறியது. கெண்டக்கியைச் சேர்ந்த நீதிபதி ஜான் மார்ஷல் ஹார்லன் கடுமையாக மாறுபட்டார். டெய்லர் இண்டியானாவுக்குச் சென்றுவிட்டார். கொலைச் சதியில் அவர் மீது குற்றம் சாட்டப்பட்டபோதும் அம்மாநில ஆளுநர் அவரை ஒப்படைக்கவில்லை.

விசாரணைகள்

கொலையாளியைக் கண்டுபிடிக்கச் சட்டமன்றம் ஒரு லட்சம் டாலர் ஒதுக்கியது. பரிசுத்தொகையின் அளவே சாட்சிகளின் நம்பகத்தைக் கேள்விக்குள்ளாக்கியது. பதினாறு பேர் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. முதன்மையாக விசாரிக்கப்பட்டோர் மூவர்: சதித் திட்டம் தீட்டியதாகப் பவர்ஸ், சுட்டதாக ஜேம்ஸ் ஹோவர்டு, உடந்தையாக அரசு எழுத்தர் ஹென்றி யூட்சி. ஜூரிகளில் பெரும்பாலோர் ஜனநாயகக் கட்சியினர். பவர்ஸ் மூன்று முறை தண்டிக்கப்பட்டார், அவற்றுள் ஒன்று மரண தண்டனை. மூன்றையும் மேல்முறையீட்டு நீதிமன்றம் நீக்கியது. நான்காவது விசாரணையில் ஜூரி ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. 1907இல் வென்ற குடியரசுக் கட்சி ஆளுநர் அகஸ்டஸ் வில்சன் 1908இல் பவர்சுக்கும் ஹோவர்டுக்கும், 1909இல் டெய்லருக்கும் மன்னிப்பு வழங்கினார். ஆயுள் தண்டனை பெற்ற யூட்சி 1916இல் பரோலில் விடப்பட்டு, 1919இல் மன்னிப்புப் பெற்றார்.

எட்டாண்டுகள் சிறையிலிருந்த பவர்ஸ் 1911 முதல் 1919 வரை எட்டாண்டுகள் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். டெய்லர் 1928இல் இண்டியானாபொலிசில் இறந்தார். சுட்டது யார் என்பது வரலாற்றாசிரியர்களிடையே இன்றும் முடிவாகவில்லை.

விளைவுகள்

ஆளுநர் பதவியின் எஞ்சிய காலத்துக்காக 1900 நவம்பரில் நடந்த சிறப்புத் தேர்தலில் பெக்கம் குடியரசுக் கட்சியின் ஜான் யெர்கிசைச் சில ஆயிரம் வாக்குகளில் தோற்கடித்தார். எஞ்சிய காலத்துக்கு மட்டுமே தேர்வானவர் என்பதால் தொடர்ந்து போட்டியிடும் தடை அவருக்குப் பொருந்தவில்லை; 1903இல் மீண்டும் வென்றார். கோபல் உயிரோடிருந்தபோது நிறைவேறாத ரயில்வே கட்டண ஒழுங்குமுறைச் சட்டம் அவர் இறந்த சில வாரங்களில் நிறைவேறியது. அவரது தேர்தல் சட்டத்தை அவரது கட்சியே 1900 அக்டோபரில் திருத்தியது. தேர்தல் நிர்வாகத்தில் இரு கட்சிகளுக்கும் இடம் கிடைத்தது.

1899இன் முடிவு மூன்று அமைப்புகளின் கையால் மாறியது. வாரியம் டெய்லரைத் தேர்ந்தெடுத்தது, சட்டமன்றம் கோபலைத் தேர்ந்தெடுத்தது, நீதிமன்றம் சட்டமன்றத்தை ஏற்றது. மூன்றிலும் கட்சிச் சார்பு பற்றிய ஐயம் இருந்ததால், தோற்றவர் எவரும் எந்தத் தீர்ப்பையும் இறுதியானதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாக்குகள் எத்தனை என்பதைவிட, அவற்றைச் செல்லும் செல்லாது என்று சொல்லும் உரிமை யாருக்கு என்பதே போராட்டமாகியது. அந்த உரிமையைச் சட்டமன்றத்துக்குத் தரும் 90ஆவது பிரிவு கெண்டக்கி அரசியலமைப்பில் நீக்கப்படாமல் இருக்கிறது. 2019இல் ஆளுநர் மாட் பெவின் ஐயாயிரத்துச் சொச்சம் வாக்குகளில் ஆண்டி பெஷியரிடம் தோற்று உடனே தோல்வியை ஏற்காதபோது, அந்தப் பிரிவும் அதனுடன் 1899உம் மீண்டும் பேசப்பட்டன. கணக்குகளைச் சரிபார்த்ததில் முடிவு மாறாததால், பெவின் ஒன்பதாம் நாள் தோல்வியை ஒப்புக்கொண்டார். சட்டமன்றம் தலையிடவில்லை.